டுவெய்ன் பெயரில் ஒரு கேபிள்

அத்தியாயம் 17

கட்டிய மனைவியை விட்டுப் போகிறவன் போகும்போது எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவான் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் டொலிடோவிலிருக்கும் அந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது, டுவெய்ன் கோர்ஸ்கி ஒரு மீன் தூண்டில், ஒரு மகள், பெற்ற தகப்பன், ஒரு கேபிள் இணைப்பு என நான்கை விட்டுவிட்டுப் போனான். தூண்டிலை மட்டும் மறுவாரம் வந்து எடுத்துக்கொண்டான்.

மற்ற மூன்றும் மனைவி டார்லீன் தலையில் விழுந்தன. மகள் கெல்சிக்கு இப்போது இருபத்து மூன்று வயது, நூலகத்தில் வேலை. டுவெய்னின் தகப்பனார் செஸ்டருக்கு எண்பத்தொன்று. மகன் போன அன்றைக்கு, "நீங்களும் போறீங்களா?" என்று டார்லீன் கேட்டாள். "எங்க போறது? ராத்திரி மேட்ச் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பழுப்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அவள் அவரை அன்றும் இன்றும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நடந்தது நினைவிருக்கும். பள்ளி பஸ் ஓட்டும் டார்லீனுக்கு, இரண்டு தடங்களை ஒன்றாக்கிவிட்டதால் சம்பளத்தில் கால்வாசி போயிற்று. எதைக் குறைப்பது என்று தாயும் மகளும் சமையலறையில் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். "கேபிளை வெட்டும்மா" என்றாள் கெல்சி. "மாசம் எரநூத்தி முப்பத்திரண்டு டாலர் கட்டி, நீ பார்க்கிறது செய்தி, நான் பார்க்கிறது ஒண்ணுமில்ல. ஒரு ஆன்டெனா வாங்கி மேல வச்சா உள்ளூர் சேனல் எல்லாம் சும்மா வரும். படம் வேணுமா, எங்க நூலகத்துல அள்ளிட்டு வரேன்." ஆன்டெனாவையும் அன்றைக்கே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள்.

ஒளித்து வைக்கக் காரணம் செஸ்டர். டெட்ராய்ட் அணியின் பேஸ்பால் ஆட்டங்கள் கேபிளில் ஒரே ஒரு சேனலில்தான் வரும். ஏப்ரலில் தொடங்கினால் இலையுதிரும் வரைக்கும் அநேகமாகத் தினமும் ஒரு ஆட்டம். அந்த மனுஷருக்கு வேறு ஆசை கிடையாது. சிகரெட்டை விட்டார், பீரை விட்டார், உப்பையும் டாக்டர் விடச் சொன்னதால் விட்டார். இப்போது பேஸ்பாலையும் விடுங்கள் என்று யார் சொல்வது? நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று டார்லீன் மூன்று வாரம் ஓட்டிவிட்டாள்.

இனிமேல் ஓட்ட முடியாது. நேற்று மாலை, பிரிக்காமல் கிடந்த கேபிள் கம்பெனிக் கடிதத்தைப் பிரித்தவளுக்குப் பகீரென்றது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நிறுத்தாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீளுமாம். நடுவில் நிறுத்தினால் அபராதம் வேறு.

உடனே போன் போட்டாள். "மேடம், இணைப்பு திரு. டுவெய்ன் கோர்ஸ்கி பேர்ல இருக்கு. அவர்கிட்ட மட்டும்தான் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷமாக மாதாமாதம் பணம் கட்டினவள் டார்லீன். அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை. பில் வந்தது, கட்டினாள், மறந்தாள்.

இதோ, அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

*

காலைத் தடத்தை முடித்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்த டார்லீன் நேராக நாற்காலிக்குப் போனாள். அவளிடம் ஒரு யோசனை இருந்தது. ராத்திரி உதித்தபோது அது பிரமாதமான யோசனையாகத்தான் இருந்தது.

"அப்பா, ஒரு உதவி. கேபிள்காரனுக்கு போன் போட்டு நீங்கதான் டுவெய்ன்னு சொல்லணும்."

"எதுக்கு?"

"விலையைக் குறைக்கத்தான். வெட்டிடுவோம்னு மிரட்டினா இருபது முப்பது குறைப்பாங்கல்ல."

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி மிரட்டாத வீடு இல்லை. செஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கொண்டா போனை. கண்ணாடித் தொழிற்சாலையில முப்பத்தெட்டு வருஷம் சங்கத்துல இருந்தவன். மிரட்டுறது எப்படின்னு காட்டுறேன்."

அவர் நான்தான் டுவெய்ன் என்று ஒத்துக்கொள்ளும் வரைக்கும்தான் டார்லீனுக்கு அவர் தேவை. அதற்கப்புறம் 'என் மனைவி பேசுவாள்' என்று போனைத் தரச் சொல்லிச் சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் இணைப்பை நிறுத்திவிடலாம் என்பது கணக்கு.

"பேரு சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

"டுவெய்ன் செஸ்டர் கோர்ஸ்கி."

"பிறந்த தேதி?"

"மார்ச் ஒம்பது, எழுபத்தொண்ணு. அன்னிக்குப் பனின்னா பனி, அப்படி ஒரு பனி. வண்டி கிளம்பவே இல்ல."

"அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

டார்லீன் அவர் தோளைக் கிள்ளினாள். "அப்பா சொல்லுவார்" என்று சமாளித்தார் செஸ்டர்.

"சரி சார். பாதுகாப்புக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க அம்மாவோட குடும்பப் பேரு, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தது?"

"ப்யெட்ரோவ்ஸ்கி!" என்றார் செஸ்டர், கண்ணிமைக்கும் நேரத்தில், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "மன்னிக்கணும் சார், பொருந்தலை."

"எப்படிம்மா பொருந்தாம போகும்? என்னைப் பெத்தவ பேரு எனக்குத் தெரியாதா?"

டார்லீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ப்யெட்ரோவ்ஸ்கி செஸ்டரைப் பெற்றவளின் குடும்பம். டுவெய்னைப் பெற்றவள், செஸ்டரோடு நாற்பத்து நாலு வருஷம் வாழ்ந்து போன ஐரீன். அவள் வேறு குடும்பத்துப் பெண்.

"உங்க அம்மா இல்லப்பா, உங்க சம்சாரம், சம்சாரம்!" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"ஓ! பனாஷாக்! பனாஷாக்மா, எழுதிக்கோ!"

"சார், பக்கத்துல யாராவது சொல்லிக் கொடுக்கிறாங்களா?"

அவ்வளவுதான். கணக்கைப் பூட்டிவிட்டார்கள். இனிமேல் டுவெய்ன் கோர்ஸ்கி டிரைவிங் லைசென்ஸோடு ஆறு மணிக்குள் கவுன்ட்டருக்கு நேரில் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

"நாப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தி, பொண்டாட்டி வீட்டுப் பேரு ஞாபகம் இல்லையா அப்பா?"

"கட்டிக்கிட்ட அன்னிக்கே அவ கோர்ஸ்கி ஆயிட்டா. பழசை எதுக்கு நான் சுமக்கணும்?" என்றார் செஸ்டர். பிறகு குரலை இறக்கி, "விலை குறையாதா?" என்று கேட்டார்.

"இந்தத் தடவை இல்லப்பா."

"விடு பொண்ணே. அடுத்த வருஷம் இன்னும் நல்லா மிரட்டலாம்."

அடுத்த வருஷமும் கேபிள் இருக்கும் என்று அந்த மனுஷர் நம்பிக்கொண்டிருக்கிறார். டார்லீனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

டுவெய்னுக்கு அவள் போன் போட்டு ஐந்து மாதம் இருக்கும். ஏரிக்கரையில் ஒரு மணி நேரத் தொலைவிலிருக்கும் போர்ட் கிளின்டனில் படகு பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறான். இன்றைக்கு வேறு வழியில்லாமல் போட்டாள். எடுத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரு செத்தா?" என்பதுதான்.

"யாரும் சாகல. கேபிளை நிறுத்தணும். அது உன் பேர்ல இருக்கு."

"என் பேர்லயா? ஆறு வருஷமா நானா கட்டிட்டிருக்கேன்?"

"நீ எதைக் கட்டின, இதைக் கட்ட? நான்தான் கட்டுறேன். பேரு மட்டும்தான் உன்னோடது."

டுவெய்ன் சிரித்துவிட்டான். அவனிடம் ஆயிரம் குறை உண்டு, ஆனால் குத்தினால் சிரிக்கத் தெரியும். "இன்னிக்கா? படகை எல்லாம் தண்ணியில இறக்குற சீசன் டார்லீன். வேலை தலைக்கு மேல இருக்கு."

"ஆறு வருஷத்துல உன்கிட்ட நான் ஒண்ணு கேட்டிருக்கேனா?"

அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் அடிப்பது மட்டும் கேட்டது.

"சரி, அஞ்சு மணிக்கு வரேன்" என்றான். "எனக்கும் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

என்ன விஷயம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

*

கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு தீரும். பெட்டி இருப்பதோ தொலைக்காட்சிக்குக் கீழே, செஸ்டரின் நாற்காலிக்கு நேர் எதிரே. மதியம் ஒரு மணிக்கு அவர் கண்ணயரும் வரை டார்லீன் காத்திருந்தாள்.

கண்ணயர்ந்தாலும் அவர் உட்காரும் விதம் மாறாது. கொஞ்ச நாளாகவே திரைக்கு நேராக உட்காராமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பித்தான் உட்காருகிறார். கழுத்து வலி என்று சொல்வார். டார்லீன் முழங்காலில் ஊர்ந்து போய், பின்னாலிருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெட்டியையும் அதன் ரிமோட்டையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டினாள். ஐம்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், திருடியைப் போல வாசற்படி வரை குனிந்தபடியே நடந்தாள்.

காரில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. சோறு போடுகிறோம் என்று வீட்டில் வைத்துக்கொண்டு, வயசான மனுஷரின் ஒரே சந்தோஷத்தைத் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போகிறோமே என்று இருந்தது. டுவெய்ன் சொல்லிக்கொள்ளாமல் போனான். தானும் சொல்லிக்கொள்ளாமல்தான் செய்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

*

கேபிள் கம்பெனியின் கவுன்ட்டருக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். உட்கார்ந்திருந்த அத்தனை பேர் மடியிலும் ஒரு பெட்டி, தடுப்பூசி போடக் குழந்தையைக் கொண்டுவந்தவர்களைப் போல. எல்லாரும் வெட்ட வந்தவர்கள்தான். மாலைத் தடத்தையும் ஓட்டிவிட்டு வந்த டார்லீன் சீட்டு வாங்கிக்கொண்டு தலையணை உறையோடு உட்கார்ந்தாள்.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்து இருபது ஆயிற்று. அவள் எண்ணைக் கூப்பிட்டபோது பின்னாலிருந்தவருக்கு விட்டுக்கொடுத்தாள். இரண்டாம் தடவையும் விட்டுக்கொடுத்தாள். 'வரமாட்டான். என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தான்?' என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம், மாதாமாதம் இருநூற்று முப்பத்திரண்டு என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள்.

ஐந்து நாற்பதுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் டுவெய்ன். சட்டையெல்லாம் படகுப் பெயின்ட். தலை நன்றாக நரைத்திருந்தது.

"பாலத்துல டிராஃபிக்" என்றான்.

"பாலம் எனக்கும்தான் இருந்தது. வா."

கவுன்ட்டரில் இருந்த யோலாண்டா நல்ல மாதிரி, ஆனால் திரையில் எழுதியிருப்பதைச் சொல்லாமல் விட அவளுக்கு அனுமதியில்லை. "போறதுக்கு முன்னாடி சார், மூணு மாசம் சினிமா சேனல் இலவசமாத் தரோம்."

"வேண்டாம்" என்றாள் டார்லீன்.

"அவர்தான் சொல்லணும் மேடம்."

"வேண்டாம்" என்றான் டுவெய்ன்.

"சமையல் சேனல் எட்டு?"

"வேண்டாம்."

"அப்ப ஸ்போர்ட்ஸ் சேனலும் போயிடும் சார். டெட்ராய்ட் மேட்ச் எதுவும் வராது. சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடுங்க."

டுவெய்ன் பேனாவைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். "மேட்ச் வராதா? அப்ப அப்பா?"

டார்லீன் தலையணை உறையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"டார்லீன், அப்பாகிட்ட கேட்டியா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லலையா? அவருக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டு எந்த முகத்தை வச்சுட்டு அவர் எதிர்ல போய் நிப்ப?"

இவன் கேட்கிறான்! கிறிஸ்துமஸுக்குப் பிறகு பெற்ற தகப்பனை எட்டிப் பார்க்காதவன் கேட்கிறான். டார்லீனுக்கு உள்ளே இருந்ததெல்லாம் கொதித்துக்கொண்டு மேலே வந்தது. "ஆமா, நீ பாசக்காரன். வந்து பக்கத்துல உட்கார்ந்து பார்த்தியா ஒரு மேட்ச்? மாத்திரை யாரு வாங்கிக் குடுக்கிறா, முடி வெட்ட யாரு கூட்டிட்டுப் போறா? உனக்கு அவர் மேட்ச் மட்டும்தான் ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் நீ பண்றே, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவர் வாயால சரின்னு சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்." பேனாவை வைத்துவிட்டான்.

மணி ஐந்து ஐம்பது. வரிசையிலிருந்த ஒருவர், "அம்மா, குடும்பச் சண்டையை வெளியில வச்சுக்கோங்க, கடையைச் சாத்தப் போறான்" என்று குரல் கொடுத்தார்.

கோபத்தில் கத்தினாலும் டார்லீனுக்கு உள்ளுக்குள் தெரியும், டுவெய்ன் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை இவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வலித்தது. வீட்டுக்குப் போன் போட்டாள். வேலை முடிந்து வந்திருந்த கெல்சி எடுத்தாள்.

"தாத்தாகிட்ட குடு. ஸ்பீக்கர்ல சத்தமா வை."

சத்தமாக வைத்தார்கள், இங்கேயும் அங்கேயும்.

"அப்பா, நான்தான். டுவெய்ன் பக்கத்துல இருக்கான். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். விலையைக் குறைக்க இல்ல, கேபிளை நிறுத்தவே வந்திருக்கேன். பஸ் ஓட்டுற சம்பளம் குறைஞ்சுபோச்சு. நிறுத்தினா உங்க மேட்ச் போயிடும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பெட்டியைத் திருப்பிக் கொண்டாந்து மாட்டிடறேன். எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"நீ வயரைக் கழட்டும்போது நான் தூங்கல" என்றார் செஸ்டர்.

டார்லீன் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "அப்ப ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நீ கழட்டுறதை விட்டுடுவியோன்னு பயம். ஒழுங்கா கழட்டிட்டுப் போகட்டும்னுதான் குறட்டை விட்டேன்."

"அப்பா, புரியலை" என்றான் டுவெய்ன்.

"டுவெய்ன், கையெழுத்தைப் போடுடா. போன ஆகஸ்ட்லேர்ந்து எனக்குப் பந்து தெரியல."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியல. பந்து தெரியல, மட்டை தெரியல, ஆள் மூஞ்சி தெரியல. நடுவுல ஒரே கறுப்பு. ஓரத்துல புல்லு மட்டும் தெரியுது. புல்லைப் பார்க்கவாடா அந்தப் பொண்ணு மாசம் எரநூறு டாலர் கட்டணும்?"

யோலாண்டா தட்டச்சை நிறுத்திவிட்டாள். கடையைச் சாத்தப் போகிறான் என்றவரும் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஜன்னல் பக்கம் திரும்பிய முகம். கழுத்து வலி. கடிதம் வந்தால் 'நீயே படி, கண்ணாடி எங்கயோ வச்சுட்டேன்' என்று சொல்வது. ஒரே வீட்டில், பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு எதையும் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று டார்லீன் விக்கி விக்கி அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதும் அவளுக்குத் தெரிந்தது. மூன்று வாரமாகச் சுமந்த கல் அது. அவரிடமிருந்து அவள் எதையும் பிடுங்கவில்லை.

டுவெய்ன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

"இன்டர்நெட் மட்டும் வச்சுக்கிறீங்களா மேடம்? அதுல கால்வாசிக்கும் கம்மியாத்தான் ஆகும்" என்றாள் யோலாண்டா, மெதுவாக. "யார் பேர்ல போடட்டும்?"

"என் பேர்ல" என்றாள் டார்லீன்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் நன்றாக இருந்தது. கையில் பெட்டி இல்லை, காலி உறை மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டில் அவன் பெயரிலிருந்த கடைசி விஷயமும் தீர்ந்துவிட்டது என்று ரசீதை மடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெடுநாள் காலைக் கடித்த செருப்பைக் கழற்றிப்போட்ட மாதிரி இருந்தது.

"ஏதோ சொல்லணும்னியே?" என்று கேட்டாள்.

டுவெய்ன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "இப்ப வேண்டாம். அப்பாவுக்குக் கண்ணே தெரியலைங்கிறாரு. எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது பரணிலிருந்து கெல்சியின் குரல் வந்தது. "ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் வடக்கே திருப்பறேன் தாத்தா! இப்ப?"

"என்னைக் கேட்டா?" என்று கீழேயிருந்து கத்தினார் செஸ்டர். "எனக்கு எது வந்தாலும் புல்லுதான்!"

அதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். ஒன்பது மாதம் பூட்டி வைத்ததை வெளியே சொல்லிவிட்டவருக்கு இப்போது அதையே சொல்லிச் சொல்லி விளையாடத் தோன்றிவிட்டது. டார்லீன் டிவியின் பழைய ரிமோட்டை எடுத்துச் சேனலைத் தேடவிட்டாள். பத்து, பதினெட்டு, முப்பது என்று எண் ஏறிக்கொண்டே போய் நாற்பத்தாறில் நின்றது. டொலிடோ வந்தது, டெட்ராய்ட் வந்தது, ஏரிக்கு அக்கரையிலிருந்து கனடாவின் செய்தியும் பளிச்சென்று வந்தது.

"கனடாக்காரனும் சும்மா குடுக்கிறானா?" என்றார் செஸ்டர். "இத்தனை வருஷம் காசைக் கொட்டியிருக்கோமே, முட்டாளுங்க."

ஆறு நாற்பது ஆனதும் மேஜை மேலிருந்த ரேடியோவைத் தடவித் திருகினார். டெட்ராய்ட் ஆட்டம் தொடங்கிவிட்டது. வர்ணனையாளர் பந்து எங்கே போகிறது, யார் ஓடுகிறார், மேகம் எப்படி இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் காசும் கிடையாது, கண்ணும் வேண்டாம்.

டார்லீன் சோபாவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

"ஏம்ப்பா மறைச்சீங்க?"

செஸ்டர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "நீ பகல்ல பஸ்ஸுக்குப் போயிடுவ. கெல்சி நூலகத்துக்குப் போயிடுவா. கண்ணு தெரியாத கிழவனைத் தனியா விட முடியாதுன்னு யாராவது சொல்லுவாங்க. அப்புறம் ஒரு நாள், ஒரு சூட்கேஸ், மணியடிச்சாச் சாப்பாடு போடுற ஒரு இடம். என் சிநேகிதங்க ரெண்டு பேர் அப்படித்தான் போனாங்க."

"திங்கக்கிழமை காலைத் தடம் முடிஞ்சதும் கண் டாக்டர்கிட்ட போறோம். சூட்கேஸ் கதையெல்லாம் என்கிட்ட பேசாதீங்க. இது உங்க வீடு."

அவர் கையை நீட்டிக் காற்றில் தேடினார். டார்லீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, ரேடியோதான் இருக்கே. தெரியாத டிவி முன்னாடி எதுக்குத் தினமும் உட்கார்ந்திருந்தீங்க?" என்றாள் சிறிது நேரம் கழித்து.

"ரேடியோன்னா இதைத் தூக்கிட்டு உங்க ரூமுக்குப் போங்கன்னுடுவ. டிவின்னாத்தானே நீ வந்து பக்கத்துல உட்கார்ந்து யாரு ஜெயிக்கிறான்னு கேட்ப? நாள் பூரா யாரும் பேசாத வீட்ல அது ஒண்ணுதான் எனக்குப் பேச்சு."

டார்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குப் பேஸ்பால் சுத்தமாப் பிடிக்காது."

"தெரியும். இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும்."

பரணிலிருந்து இறங்கிவந்த கெல்சி ஏணியிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று பேரும் சேர்ந்து அந்த வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று டார்லீனுக்கு நினைவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு இனி எழுந்திருப்பதாக இல்லை.

"யாரு ஜெயிக்கிறா?" என்று கேட்டாள்.

செஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தவர், தலையைச் சாய்த்து வேறெதையோ கேட்டார். "வாசல்ல டுவெய்ன் வண்டி. அந்த சைலன்சர் ஓட்டையை இன்னும் அடைக்கல அவன்."

"இங்கேயா? எதுக்கு வரான்?" கெல்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. தகப்பனோடு அவள் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

"இரு" என்றார் செஸ்டர். "ரெண்டு கதவு சாத்துற சத்தம் கேட்டுது. அவன் தனியா வரல."

கெல்சி தாயைப் பார்த்தாள். காலையில் இது நடந்திருந்தால் டார்லீன் பதறிப்போய்த் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஓடியிருப்பாள். இப்போது அவளுக்குக் காலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"போய்த் திற கெல்சி" என்றாள். "இந்த வீட்ல இனிமே அவன் பேர்ல ஒண்ணுமில்ல. யாரோட வந்தாலும் விருந்தாளிதான்."